துணைக்கு ஆள் வேணாம்!

ஊர் சுத்தலாம் வாங்க... இந்த வாரம்: ஓடென்ஸே, டென்மார்க்

டென்மார்க்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது மூணே மூணு விஷயம்தான். தரங்கம்பாடி கோட்டை. லெகோ. அப்புறம், அந்த நீலக் கலர் வட்ட டப்பா. ஆசை ஆசையாத் திறந்தா உள்ளே பட்டர் பிஸ்கட் இருக்காது, அம்மாவோட ஊசி, நூல், பட்டன்தான் இருக்கும்!

அந்த டப்பாவை ஓரமா வெச்சுட்டு வாங்க, நிஜ டென்மார்க்குக்குள்ளே போவோம். எல்லாரும் போற கோபன்ஹேகன் இல்லை பாஸ். நாட்டோட மூணாவது பெரிய ஊர், ஓடென்ஸே. பெரிய ஊர்னதும் பயந்துடாதீங்க. மொத்தமே 1.8 லட்சம் பேருக்குக் கொஞ்சம் மேல. குட்டிக் கடல்கன்னியையும் அசிங்க வாத்துக்குஞ்சையும் எழுதின ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1805-ல் பிறந்த ஊர். தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்தோட மெயின் கேம்பஸும் இங்கேதான். எக்ஸ்சேஞ்ச் புரோகிராம், மாஸ்டர்ஸ், கான்ஃபரன்ஸ்னு உங்க கிளாஸ்ல இருந்து யாராவது ஒருத்தர் இந்த ஊர் பிளாட்ஃபார்ம்ல பெட்டியோட இறங்குற நாள் வரலாம். அந்த ஒருத்தர் நீங்களாவும் இருக்கலாம். அப்போ கையில காசு கம்மியா இருக்கும், தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க, பாஷை சுத்தமா புரியாது. எப்படி ஊரைச் சுத்துறது?

கடலுக்கு அடியில் ஒரு ரயில்

டென்மார்க் பாதி தீவு, பாதி தீபகற்பம். கோபன்ஹேகன் இருக்குறது ஒரு தீவு, ஓடென்ஸே இருக்குறது ஃப்யூன்னு இன்னொரு தீவு. நடுவுல 18 கிலோமீட்டர் கடல். ஒரு காலத்துல ரயில் பெட்டிகளையே கப்பல்ல ஏத்தித்தான் அக்கரைக்குக் கொண்டுபோனாங்க. 1997-ல் இருந்து ரயில் நேரா ஓடுது. முதல்ல கடலுக்கு அடியில எட்டு கிலோமீட்டர் சுரங்கம். நடுவுல ஒரு குட்டித் தீவுல வெளியே வந்து மூச்சு விடும். அப்புறம் பாலம். கோபன்ஹேகன்ல இருந்து மொத்தம் ஒன்றரை மணி நேரப் பயணம், அவ்வளவுதான். ஏர்போர்ட்டுக்குள்ளேயே ரயில் ஸ்டேஷன் இருக்குறதால, பெட்டியைத் தூக்கிட்டு ஊருக்குள்ளே அலைய வேண்டாம்.

காசு மிச்சம் பண்ண ஒரு வழி இருக்கு. டி.எஸ்.பி. ரயில்ல 'ஆரஞ்ச்'னு ஒரு டிக்கெட். முன்கூட்டியே எடுத்தா ரொம்பக் குறைச்ச விலைக்குக் கிடைக்கும். ஆனா அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். அதைத் தவறவிட்டா டிக்கெட்டும் போச்சு. ஏறினதும் பெட்டி மேல 'ஸ்டில'ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அது அமைதிப் பகுதி. அங்கே உட்கார்ந்து, "அம்மா, சாப்டேம்மா... இல்லம்மா, ஸ்வெட்டர் போட்டிருக்கேம்மா..."ன்னு போன்ல ஆரம்பிச்சீங்கன்னா யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா பெட்டி மொத்தமும் ஒரு பார்வை பார்க்கும். அதுக்குத் திட்டே வாங்கிடலாம்.

'ஓ'ன்னா ஆறு!

வழி கேட்கும்போது ஊர்ப் பேரைச் சொல்லிப் பார்க்காதீங்க, எழுதிக் காட்டுங்க. டேனிஷ்காரங்க வாயில 'ஓடென்ஸே'ல இருக்குற 'ட' அப்படியே உருகிடும். 'ல'வும் இல்லாம 'த'வும் இல்லாம ஒரு சத்தம் வரும். நமக்கு ழகரம் மாதிரி அவங்களுக்கு அது. நாம ஓரெழுத்து ஒருமொழி படிச்சிருக்கோம் இல்லையா? அவங்க கிட்டயும் இருக்கு. வட்டம் போட்ட ஒரே ஒரு எழுத்து, உச்சரிப்பு 'ஓ', அர்த்தம் ஆறு! ஊர் நடுவே ஓடுற ஆத்துக்குப் பேர் 'ஓடென்ஸே ஓ'.

நாலு வார்த்தை தெரிஞ்சா போதும். 'கேத'ன்னா தெரு. 'வை'ன்னா ரோடு. 'ஸ்போர்'னா பிளாட்ஃபார்ம் நம்பர். லிஃப்ட்டுல 'ஐ ஃபார்ட்'னு லைட் எரிஞ்சா மூக்கைப் பொத்திக்காதீங்க, 'ஓடிட்டு இருக்கு'ன்னு அர்த்தம். மத்தபடி எல்லாரும் அருமையா இங்கிலீஷ் பேசுவாங்க, கேட்டா நின்னு வழி சொல்வாங்க. ஆனா கேட்கணும். திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னா, "எங்கப்பா போகணும்?"னு யாரும் தானா வந்து கேட்க மாட்டாங்க. தொந்தரவு பண்ணக்கூடாதுங்கிறதுதான் அவங்க மரியாதை. முதல் வாரம் இது உங்களுக்கு அநியாயத்துக்குத் தனிமையாத் தெரியும். அது உங்க மேல இருக்குற வெறுப்பு இல்லைன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பாதி பாரம் குறையும்.

கால் தடத்தைப் பிடிச்சுக்கோங்க

ஊர் நடுவே முக்கால்வாசி இடத்துக்கு நடந்தே போயிடலாம். ஸ்டேஷனுக்கு எதிர்ல ராஜா தோட்டம். பேர்தான் ராஜா தோட்டம், எல்லாரும் புல்லுல படுத்துக் கிடக்கலாம். அதைத் தாண்டினா பழைய ஊர். நடைபாதையைக் குனிஞ்சு பாருங்க, பெரிய பெரிய கால் தடம் பதிச்சிருப்பாங்க. ஆண்டர்சனோட தடம்! அதைப் பிடிச்சுக்கிட்டே போனா அவர் பிறந்த மஞ்சள் வீடு, சின்ன வயசுல வளர்ந்த வீடு எல்லாம் வரிசையா வரும். மேப் வேண்டாம், கைடு வேண்டாம், காசும் வேண்டாம். தெரு கிராஸ் பண்ற சிக்னல்ல கூட தொப்பியும் கைத்தடியுமா ஆண்டர்சன் உருவம் எரியுற இடங்கள் உண்டு.

வழியில கதீட்ரலை விட்டுடாதீங்க. 1086-ல் இதே ஊர்ல ஒரு சர்ச்சுக்குள்ளே வெச்சுக் கொல்லப்பட்ட மன்னர் நான்காம் கனூட்டோட எலும்புக்கூடு அங்கே நிலவறையில இருக்கு. நிஜம்தான்!

நடக்குறப்போ ஒரு விஷயம் வித்தியாசமாப் படும். சிவப்பு விளக்கு எரியுது, கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு வண்டி கிடையாது. இருந்தும் நாலு பேர் அசையாம நிப்பாங்க. நீங்களும் நில்லுங்க. பக்கத்துல ஒரு குட்டிப் பாப்பா நின்னுட்டு இருக்கும், அது உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கும்.

டிராம் வந்த கதை

கேம்பஸுக்குப் போகணுமா? டிராம் இருக்கு. 2022 மே மாசம் ஓட ஆரம்பிச்சது. 14.5 கிலோமீட்டர், 26 ஸ்டாப். ஊரின் ஒரு முனையில ஏறினா ஸ்டேஷன், பழைய ஊர், ஷாப்பிங் சென்டர், யுனிவர்சிட்டின்னு வரிசையா இறக்கி விட்டுடும். வாசப்படி பிளாட்ஃபார்மோட சமமா இருக்கும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் யாரும் கை கொடுக்காமலே உருண்டு உள்ளே போகும்.

இங்கேதான் நம்ம ஊர் ஆளுக்கு ஒரு ஷாக். கேட் கிடையாது, கண்டக்டர் கிடையாது, விசில் கிடையாது, "உள்ளே போ, உள்ளே போ"ன்னு யாரும் தள்ள மாட்டாங்க. ஏறுறதுக்கு முன்னாடி டிக்கெட் உங்ககிட்ட இருக்கணும். நாடு முழுக்க பஸ், ரயில், டிராம் எல்லாத்துக்கும் 'ரைஸெகோர்ட்'னு ஒரே முறை. 2024-ல் அது ஆப்பாவும் வந்துடுச்சு. ஏறும்போது செக்-இன், இறங்கும்போது செக்-அவுட். இறங்குறப்போ மறந்தீங்க, நீங்க இன்னும் பயணத்துலதான் இருக்கீங்கன்னு சிஸ்டம் நினைச்சுக்கும். எந்த வண்டி, எத்தனை மணிக்குன்னு பார்க்க 'ரைஸெபிளானன்'. அதுல போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தட்டினா, எத்தனை நிமிஷம் நடக்கணும்ங்கிறது வரைக்கும் சொல்லிடும்.

'யாரும் செக் பண்ண மாட்டாங்கன்னா சும்மாவே போயிடலாமே மச்சி!'ன்னு ஒரு ஐடியா தோணும். வேண்டாம். திடீர்னு ஒரு நாள் பரிசோதகர் ஏறுவார். 'தெரியாது சார், ஃபாரின் சார்' எல்லாம் எடுபடாது. கட்டுற அபராதத்துல பல வாரத்து டிக்கெட் எடுத்திருக்கலாம். அதை விடுங்க, அந்த டிராம் முழுக்க ஒரு நம்பிக்கை மேல ஓடுது. ஏறுறவங்கள்ல பெரும்பாலானவங்க டிக்கெட் எடுப்பாங்கங்கிற நம்பிக்கை. அது போனா கேட் வரும், கேட் வந்தா க்யூ வரும். அப்புறம் சக்கர நாற்காலிக்காரரும் அந்த க்யூவுலதான் நிக்கணும்.

சைக்கிள்: சத்தமில்லாத ராஜா

ஓடென்ஸேயோட நிஜமான வாகனம் சைக்கிள்தான். 500 கிலோமீட்டருக்கு மேல சைக்கிள் பாதை. கோட்டு போட்ட ஆபீசர், பாட்டி, முன்னாடி மரப்பெட்டியில ரெண்டு பிள்ளைகளை உட்கார வெச்சு மிதிக்கிற அம்மா, எல்லாரும் அதுலதான். ஒரு வாரம் தங்குறவங்க வாடகைக்கு எடுக்கலாம். ஒரு செமஸ்டர்னா செகண்ட் ஹேண்ட் வாங்கிடுங்க. வாங்கும்போது பிரேம் நம்பர் இருக்கான்னு பாருங்க. டென்மார்க்ல எல்லா சைக்கிளுக்கும் அது உண்டு. அழிச்சிருந்தா திருட்டு சைக்கிள்னு அர்த்தம். நல்ல பூட்டு போடுங்க. நம்பிக்கை எல்லாம் டிராம்ல மட்டும்தான், சைக்கிள் அங்கேயும் திருடு போகும்!

மிதிக்கிறதுக்கு முன்னாடி, சட்டம் இவ்வளவுதான்:

* வலது பக்கம் ஒட்டிப் போகணும். முந்துறவங்க இடது பக்கமா வருவாங்க. பின்னாடி பெல் அடிச்சா கோபம் இல்லை, 'ஓரமாப் போப்பா'ன்னு அர்த்தம்.
* நிறுத்தப் போறீங்கன்னா கையை மேலே தூக்கணும். திரும்பப் போறீங்கன்னா அந்தப் பக்கம் கையை நீட்டணும். இண்டிகேட்டர் உங்க கைதான்.
* இடது பக்கம் திரும்பணும்னா ரோட்டுக்கு நடுவுல போய் நிக்கக் கூடாது. முதல்ல நேராப் போய் எதிர் மூலையில நின்னு, அங்கேயிருந்து இடது பக்கம் கடக்கணும்.
* சிவப்பு விளக்குல வலது பக்கம் நைசாத் திரும்புறதும் தப்பு, அனுமதிக்கிற போர்டு இருந்தா ஒழிய.
* போன் கையில வேண்டாம். சிக்னல் தாண்டினாலும் சரி, போன் பிடிச்சாலும் சரி, அபராதம் நம்ம பணத்துல ஐந்து இலக்கம்!
* பஸ்ல இருந்து ஆள் நேரா சைக்கிள் பாதையில இறங்குற ஸ்டாப்பா இருந்தா, நீங்க நின்னு வழி விடணும்.
* நடந்து போறப்போ சைக்கிள் பாதையில நின்னு செல்ஃபி எடுக்காதீங்க. டென்மார்க்ல ஒரு டூரிஸ்ட் திட்டு வாங்குற ஒரே இடம் அதுதான்.

ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனா போடுங்க. அந்த ஊர்லயும் வலது பக்கம் திரும்புற லாரி, நேராப் போற சைக்கிளைப் பார்க்காம விட்டு விபத்து நடக்கறது உண்டு. சட்டப்படி லாரிதான் நிக்கணும். ஆனா உங்க உயிர் லாரி டிரைவரோட கண்ணாடியை நம்பி இருக்க வேண்டாம். பெரிய வண்டி பக்கத்துல நின்னா, அது போன பிறகு போங்க.

அவங்க மட்டும் எப்படி?

இதையெல்லாம் படிச்சுட்டு, 'ஹூம்... அவங்க ஒழுக்கமானவங்க. நம்ம ஜனங்க திருந்தவே திருந்தாது'ன்னு ஒரு பெருமூச்சு விட்டிருப்பீங்களே? அங்கேதான் நிக்கணும் நீங்க. அந்தப் பெருமூச்சு தப்பு!

1970-களோட தொடக்கத்துல மேற்கு ஐரோப்பாவுலயே குழந்தைகள் சாலை விபத்துல அதிகமா அடிபட்ட நாடுகள்ல டென்மார்க்கும் ஒண்ணு. ஆமா, இதே டென்மார்க். எல்லாரும் கார் வாங்கினாங்க, ரோட்டை எல்லாம் காருக்குக் கொடுத்தாங்க. ஓடென்ஸேயில பழைய வீடுகளை இடிச்சுட்டு, ஊரோட மையத்தைப் பிளந்துக்கிட்டு நாலு வழிச் சாலை போட்டாங்க. அதுக்கு தாமஸ் பி. த்ரீகே தெருன்னு பேர். ஆண்டர்சன் பிறந்த பகுதி ஒரு பக்கம், கடைத்தெரு மறுபக்கம். ஊருக்குள்ளே 1911-ல் இருந்து ஓடிட்டு இருந்த பழைய டிராமை அதுக்கு முன்னாடியே, 1952-லேயே மூடியாச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? 1973-ல் பெட்ரோல் நெருக்கடி. ஞாயித்துக்கிழமை கார் ஓட்டவே கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டது. காலியான ரோட்டைப் பார்த்த ஜனங்களுக்கு ஒரு கேள்வி வந்துடுச்சு. இதோட, 'பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற வழியைப் பத்திரமாக்குறது போலீஸ், சாலைத்துறை ரெண்டோட பொறுப்பு'ன்னு 1976-ல் சட்டமே வந்தது. அதைச் செஞ்சு காட்டினதுல முன்னோடி ஊர் ஓடென்ஸே. அவங்க முதல்ல கேட்டது பிள்ளைங்களைத்தான். "நீ ஸ்கூலுக்குப் போறப்போ எந்த இடத்துல உனக்குப் பயமா இருக்கு?" பிள்ளைங்க சொன்ன இடத்துல எல்லாம் ஒண்ணொண்ணா வேலை நடந்தது. ரோட்டைக் குறுக்கினாங்க, நடுவுல நின்னு கடக்கத் திட்டு கட்டினாங்க, வண்டி வேகத்தைக் குறைச்சாங்க, சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டாங்க. காருக்கு வரியையும் ஏத்தினாங்க. இன்னிக்கும் அங்கே காரின் விலை ஒரு அளவைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு 150 சதவீதம் பதிவு வரி!

அந்த நாலு வழிச் சாலை? 2014 ஜூன் 28-ம் தேதி அதை மூடிட்டாங்க. கார் பார்க்கிங்கை பூமிக்கு அடியில தள்ளிட்டு, மேலே வீடு, கடை, நடக்க இடம். 2021-ல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைச்ச ஆண்டர்சன் மியூசியம் அங்கே திறந்தது. அடுத்த வருஷம் அந்த வழியாவே டிராம் ஓடுச்சு. சரியா 70 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்த டிராம்!

ஆக, டேனிஷ்காரங்க பிறக்கும்போதே கையை நீட்டிக்கிட்டு சிக்னல் காட்டிப் பிறக்கலை பாஸ். ரோடு அப்படி அமைஞ்சா மனுஷனும் அப்படி நடப்பான். சைக்கிள் பாதையில ரோட்டை விட ஒரு சின்னப் படி உயரம் வெச்சாலே போதும், கார் ஏறாது. கார் ஏறாதுன்னு தெரிஞ்சா அம்மா பிள்ளையைத் தனியா அனுப்புவா. பிள்ளை தனியாப் போனா, ஸ்கூல் வாசல்ல கார் கூட்டம் குறையும்.

நாலு மணிக்கு ராத்திரி

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு எச்சரிக்கை. டிசம்பர்ல அங்கே சூரியன் நாலு மணிக்கு முன்னாடியே கடையைக் கட்டிடும். சைக்கிளுக்கு முன்னாடியும் பின்னாடியும் லைட் கட்டாயம். மழையை விடக் காத்துதான் வில்லன். குடை எல்லாம் அங்கே ரெண்டு நிமிஷம் கூடத் தாங்காது, மழைக்கோட்டு எடுத்துக்கோங்க. ஜூன்ல போனா தலைகீழ், ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம். கோடையில முங்கே மோஸே பூங்காவுல இருந்து ஆத்துல படகு விடுறாங்க. மிருகக்காட்சி சாலை வழியா காட்டோரம் வரைக்கும் போகும். அங்கே இறங்கி மரங்களுக்கு நடுவே நடந்தா, பழைய கூரை வீடுகளைச் சேர்த்து வெச்ச 'ஃப்யூன் கிராமம்' மியூசியம். ஊரை வேகமாச் சுத்தினது போதும், இதை மெதுவாப் பாருங்க.

ஒரு ஊரைப் பார்த்துட்டு வந்தா கட்டடம் எவ்வளவு உயரம், மால் எவ்வளவு பெருசுன்னுதான் கதை சொல்வோம். ஓடென்ஸேயில வேற ஒரு கணக்கு எடுத்துப் பாருங்க. யாரெல்லாம் யாரையும் கேட்காம, யார் துணையும் இல்லாம, தானாப் போயிட்டு வர்றாங்க? புத்தகப் பையோட சைக்கிள் மிதிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை. லைப்ரரி முடிச்சுட்டு இருட்டுல சைக்கிள்ல ஹாஸ்டல் திரும்புற பொண்ணு. கைத்தடியோட டிராம்ல ஏறுற தாத்தா. அப்புறம், வந்து மூணே நாள் ஆன, பாஷை தெரியாத, பையில காசு இல்லாத நீங்க. இந்த நாலு பேருக்கும் வழி இருந்தா அதுதான் நல்ல ஊர். நீங்க பி.இ. சிவில் படிக்கிறவங்களா இருந்தா இந்தக் கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பாருங்க. நாளைக்கு ரோடு போடப் போறது நீங்கதானே!

கடைசியா ஒரு டேனிஷ் பாடம். பார்த்ததும் சொல்ற வார்த்தை 'ஹாய்'. கிளம்பும்போது சொல்றது 'ஹாய் ஹாய்'. ஒண்ணு சொன்னா வந்தாச்சு, ரெண்டு சொன்னா கிளம்பியாச்சு.

அடுத்த வாரம் வேற ஊர்ல பார்ப்போம்... ஹாய் ஹாய்!